காத்திருப்பவருக்கு லைன் சொந்தமா? யுனிக்ஸ் சீரியல் போர்ட்டில் ஒரு பழைய வழக்கு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ இருந்த நடுத்தரமான ஒரு தோல் கம்பெனியின் ஆபீசை எடுத்துக்கொள்வோம். வட ஆற்காடு 1989-இல் இரண்டாகப் பிரிந்து, வேலூர்ப் பக்கம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று அழைக்கப்பட்ட காலம். மூலையில் ஒரு 386 கம்ப்யூட்டர். அதை இயக்க எஸ்சிஓ கம்பெனியின் ஜெனிக்ஸ் அல்லது யுனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம். அதிலிருந்து ஒயர் இழுத்த நான்கைந்து டெர்மினல்கள். கணக்கு, சரக்கு இருப்பு, அனுப்பிய லோடு எல்லாம் அதற்குள். டேனரி இங்கே இருந்தாலும் விலை பேசி ஆர்டர் பிடிக்கும் ஆபீஸ் சென்னைப் பெரியமேட்டில் இருக்கும். அங்கேயும் இதே மாதிரி ஒரு பெட்டி.

இந்த இரண்டு பெட்டிகளும் பேசிக்கொள்ள வேண்டும். இரவில் இங்கிருந்து பெரியமேட்டுக்குப் போன் போட்டு அன்றைய பதிவுகளை அனுப்ப வேண்டும். அங்கிருப்பவருக்கு அவசரமென்றால் அவர் இங்கே போன் போட்டு உள்ளே நுழைந்து சரக்கு இருப்பைப் பார்க்க வேண்டும். ஆக, கம்ப்யூட்டரைப் போன் லைனோடு இணைக்கும் ஒரே மோடம் வெளியேயும் கூப்பிட வேண்டும், உள்ளே வரும் அழைப்பையும் எடுக்க வேண்டும். இன்னொரு லைன் வாங்கிவிடலாமே என்று இன்றைக்குத் தோன்றும். போன் இணைப்புக்கு வருடக்கணக்கில் பெயர் எழுதிவைத்துக் காத்திருந்த நாட்கள் அவை. இருந்த ஒரு லைனை மெஷினுக்கு விட்டுக்கொடுத்ததே முதலாளியின் பெருந்தன்மை.

விசித்திரம் என்னவென்றால், இந்த எளிய தேவைக்கு யுனிக்ஸில் நேரான வழி இல்லை. வெளியே கூப்பிடு என்றால் கூப்பிடும். வரும் அழைப்பை எடு என்றால் எடுக்கும். மோடத்தைச் சொருகும் சீரியல் போர்ட் ஒன்றிலேயே இரண்டையும் செய் என்றால்தான் தகராறு. அந்தத் தகராறைத் தீர்க்க ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள். அவற்றை வரிசையாகப் பார்த்தால், எல்லாம் ஒரே கேள்விக்கான பதில்கள்தான் என்பது புரியும்: அழைப்பு வருமென்று காத்திருக்கும் ஒரு புரோகிராம், அந்த லைனைப் பயன்படுத்துகிறதா இல்லையா?

வரும் அழைப்பை எடுப்பது கெட்டி என்ற சிறிய புரோகிராம். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும், மற்ற புரோகிராம்களைத் தொடங்கிவைக்கும் இனிட் என்ற புரோகிராம் ஒவ்வொரு டெர்மினலுக்கும் ஒரு கெட்டியைக் கிளப்பிவிடும். கெட்டி போர்ட்டைத் திறக்கும், ‘லாகின்:’ என்று எழுதும், பெயரை வாங்கி லாகின் புரோகிராமிடம் ஒப்படைக்கும். வேலை முடிந்து ஆள் வெளியேறினால் இனிட் மறுபடி ஒரு கெட்டியைக் கிளப்பும். மோடம் மாட்டிய போர்ட்டிலும் இதேதான். ஒரே வித்தியாசம், அங்கே போர்ட்டைத் திறக்கும் ஓபன் கட்டளை உடனே திரும்பி வராது. மறுமுனை மோடத்தோடு தொடர்பு கிடைத்து, நம் மோடம் டிசிடி என்ற சிக்னலை, அதாவது மறுமுனை மோடத்தின் சத்தமான கேரியர் வந்துவிட்டது என்ற செய்தியை, உயர்த்தும்வரை யுனிக்ஸின் மையப் பகுதியான கர்னல் கெட்டியைத் தூங்க வைத்துவிடும். கம்ப்யூட்டர் தன் பங்குக்கு டிடிஆர் சிக்னலை உயர்த்திப் பிடித்து ‘நான் தயார்’ என்று மோடத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். மணி அடித்தால் மோடம் எடுக்கும், கேரியர் வரும், கெட்டி விழிக்கும். லைன் துண்டித்தால் கேரியர் இறங்கும், லாகின் செய்தவரின் கட்டளைகளை வாங்கும் ஷெல்லுக்கு, லைன் போய்விட்டது என்ற ஹேங்கப் சிக்னல் போகும், எல்லாம் முடிந்து போர்ட் மூடும்போது டிடிஆர் இறங்கும், மோடம் போனை வைத்துவிடும். அழகான ஏற்பாடு.

வெளியே கூப்பிடும் சியு, யுயுசிபி என்ற ஃபைல் அனுப்பும் தொகுப்பைச் சேர்ந்த யுயுசிகோ போன்ற புரோகிராம்களுக்கு இந்த ஏற்பாடு ஆகாது. மோடத்துக்கு எண்ணைச் சொல்லவே போர்ட் திறந்தாக வேண்டும். கேரியரோ எண்ணைச் சொல்லி டயல் செய்த பிறகுதான் வரும். அதனால் காத்திருக்காமல் திற என்ற குறிப்போடு திறக்கும். கெட்டி தூங்கிக்கொண்டிருக்கும்போதே சியு இப்படித் திறந்து பெரியமேட்டை டயல் செய்கிறது என்று வையுங்கள். எதிர்முனை எடுக்கிறது, கேரியர் உயர்கிறது. அந்தக் கணமே, தனக்குத்தான் அழைப்பு வந்துவிட்டது என்று கெட்டியும் விழித்துக்கொள்ளும். பெரியமேட்டு மெஷின் ‘லாகின்:’ என்று கேட்க, ஆம்பூர் மெஷினும் ‘லாகின்:’ என்று கேட்கும். வரும் எழுத்துகளில் எது சியுவுக்கு, எது கெட்டிக்கு என்ற கணக்கே இல்லை. எது முதலில் படிக்கிறதோ அதற்குப் போகும். பாதி வார்த்தை இங்கே, பாதி அங்கே. இரண்டு மெஷினும் ஒன்றையொன்று யார் நீ என்று கேட்டபடியே எஸ்.டி.டி. மீட்டர் ஓடும்.

இதில் ஒரு கிளைக்கதையும் உண்டு. மோடத்தின் எக்கோவை அணைக்காமல் விட்டால், எதிரே ஆளே இல்லாமல் கெட்டியும் மோடமும் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிடும். கெட்டி ‘லாகின்:’ என்று எழுதும், கட்டளைக்குக் காத்திருக்கும் மோடம் அதை அப்படியே திருப்பி அனுப்பும், கெட்டி அதை யாரோ டைப் செய்த பெயர் என்று எடுத்துக்கொண்டு பாஸ்வேர்ட் கேட்கும், மோடம் அதையும் திருப்பி அனுப்பும். விடிய விடிய நடக்கும். காலையில் வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் தவழ்ந்துகொண்டிருக்கும், லாக் முழுக்கத் தப்பான லாகின்களாக இருக்கும். அதனால்தான் உள்வரும் மோடத்துக்கு எக்கோ வேண்டாம், பதில் செய்தி வேண்டாம் என்று இ0, க்யூ1 கட்டளைகளைப் போட்டு அதன் நினைவில் சேமித்து வைப்பார்கள். வெளியே கூப்பிடும் புரோகிராமுக்கோ ‘கனெக்ட்’, ‘பிசி’ என்ற பதில்கள் இல்லாமல் வேலை ஓடாது. அது வந்ததும் முதலில் வாயைத் திறக்கச் சொல்லும், போகும்போது மறுபடி மூடச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நடுவில் செத்துப்போனால் மூடுவார் இல்லை.

முதலில் வந்த தீர்வு முரட்டுத்தனமானது. வெளியே கூப்பிடுவதற்கு முன்னால் கெட்டியைக் கொல், முடிந்ததும் மறுபடி கிளப்பு. பிஎஸ்டி வகை யுனிக்ஸில் டிடிஒய்கள் எனப்படும் டெர்மினல் போர்ட்டுகளின் பட்டியலைத் திருத்தி, இனிட்டுக்குச் சிக்னல் கொடுத்து அதைச் செய்தார்கள், 4.3 பிஎஸ்டியில் யுயுசிபியோடு இதற்கென்றே ஒரு துணைப் புரோகிராம் வந்தது. வேலை நடக்கும். ஆனால் ரூட் எனப்படும் நிர்வாகியின் முழு அதிகாரம் வேண்டும், இடையில் மின்சாரம் போனால் கெட்டி அணைந்த நிலையிலேயே நின்றுவிடும். இங்கே கேள்விக்குக் கொடுத்த பதில், ‘ஆமாம், காத்திருப்பதும் பயன்படுத்துவதுதான். எனவே எழுப்பி விரட்டு.’

அடுத்தது லாக் ஃபைல். போர்ட்டைத் தொடும் முன் ஒவ்வொரு புரோகிராமும் ஒரு குறிப்பிட்ட டைரக்டரியில் எல்சிகே என்று தொடங்கி, போர்ட்டின் பெயரோடு முடியும் ஒரு ஃபைலை உருவாக்க வேண்டும். ஏற்கெனவே இருந்தால் போர்ட் பிசி என்று பொருள். வேலூர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்போமே, அதேதான். துண்டுக்குச் சட்டபூர்வமான அதிகாரம் எதுவும் இல்லை. கண்டக்டர் அதை அங்கீகரிப்பதில்லை. எல்லோரும் மதிக்கும்வரை அது செல்லும். மதிக்காத ஒருவர் துண்டை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தால் ஒன்றும் செய்ய முடியாது. கர்னலும் அந்தக் கண்டக்டர் மாதிரித்தான்; லாக் ஃபைல் இருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை.

துண்டு போட்டவர் இறங்கிப் போய்விட்டால்? அதற்காகத்தான் லாக் ஃபைலுக்குள் புரோகிராமின் ப்ரோசஸ் எண்ணை எழுதி வைத்தார்கள். அடுத்து வருபவர் அந்த எண்ணில் ஏதாவது ஓடுகிறதா என்று விசாரிப்பார், இல்லையென்றால் ஃபைலை அழித்துவிட்டுத் தன்னுடையதைப் போடுவார். நல்ல யோசனை. ஆனால் எண்ணை எழுதும் முறையில் ஒற்றுமை இல்லை. பழைய யுயுசிபி பைனரியாக எழுதியது. 1983-இல் பீட்டர் ஹனிமன், டேவிட் நோவிட்ஸ், பிரையன் ரெட்மன் மூவரும் திருத்தி எழுதிய, அவர்கள் பெயராலேயே ஹனிடான்பர் என்று அழைக்கப்பட்ட யுயுசிபி, பத்து இடம் கொண்ட சாதாரண எழுத்தாக எழுதியது. ஒன்றின் லாக்கை இன்னொன்று படித்தால் வேறு எண் வரும். அப்படி ஒரு ப்ரோசஸ் ஓடவில்லையே என்று, உயிரோடு இருப்பவரின் துண்டையே தூக்கி எறிந்துவிடும். டைரக்டரியும் ஊருக்கு ஒன்று. பிற்பாடு லினக்ஸ் உலகம் ஹனிடான்பர் வடிவத்தையே பொது நியதியாக எடுத்துக்கொண்டது.

சரி, சியுவும் யுயுசிகோவும் லாக்கை மதிக்கின்றன. கெட்டிக்கு யார் சொல்வது? அதற்காக வந்ததுதான் யுயுகெட்டி. அது கேரியருக்காகத் தூங்குவதில்லை. போர்ட்டைத் திறந்துவைத்து முதல் எழுத்து வரும்வரை சும்மா இருக்கும். எழுத்து வந்ததும் லாக் ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், ‘இது எனக்கு வந்ததில்லை, இந்தப் பக்கம் யாரோ டயல் செய்கிறார்கள்’ என்று ஒதுங்கி, லாக் போகும்வரை காத்திருக்கும். இல்லையென்றால்தான் வாயைத் திறக்கும். இரண்டு முனையிலும் யுயுகெட்டி இருந்தால் இருவரும் ஒரே நேரத்தில் ‘லாகின்:’ என்று கத்தக் கூடாது என்பதற்காக, எதிர்முனை முதலில் ஒரு எழுத்தாவது அனுப்பட்டும் என்று பொறுத்திருக்கவும் அதில் ஒரு ஆப்ஷன் உண்டு. அந்தக் கால யுயுசிபி ஃபைல்களில் எண்ணுக்குப் பிறகு எதையும் எதிர்பாராமல் இரண்டு முறை என்டர் தட்டும்படி எழுதியிருப்பார்கள். புரியாமல் அதை நீக்கிவிட்டு, லைன் கிடைத்தும் இரண்டு பக்கமும் ஊமையாக நிற்பதைப் பார்த்துத் திகைத்தவர்கள் நிறைய.

இன்னொரு பக்கத்தில் சன் கம்பெனிக்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். ஒரே போர்ட்டுக்கு இரண்டு பெயர். உள்வரும் அழைப்புக்கு டிடிஒய்ஏ, வெளியே கூப்பிட சியுஏ0. பின்னால் இருப்பது ஒரே சிப், ஒரே ஒயர். கருவியைக் கர்னலுக்கு அடையாளம் காட்டும் மைனர் எண்ணில் மட்டும் 128 வித்தியாசம். அந்த ஒரு பிட்டை வைத்து, வந்திருப்பவர் கூப்பிட வந்தவரா, காத்திருக்க வந்தவரா என்று கர்னலில் அந்தப் போர்ட்டைக் கவனிக்கும் டிரைவர் தெரிந்துகொள்ளும். கெட்டி டிடிஒய் பெயரில் ஓபன் செய்து கேரியருக்காகத் தூங்குகிறதா, தூங்கட்டும்; அதைப் போர்ட்டைப் பிடித்திருப்பவராகக் கணக்கில் சேர்ப்பதில்லை. சியு வந்து சியுஏ பெயரில் திறந்தால் உடனே கிடைக்கும். அது டயல் செய்து கேரியர் உயர்ந்தாலும் கெட்டியை எழுப்பமாட்டார்கள். சியு மூடியதும் போர்ட் பழைய நிலைக்கு வரும், கெட்டிக்கு நடுவில் நடந்தது எதுவுமே தெரியாது. மாறாக, வெளியிலிருந்து அழைப்பு வந்து கெட்டி உள்ளே போய்விட்டால், சியுஏ பெயரில் வருபவருக்கு ‘டிவைஸ் பிசி’ என்று பதில் கிடைக்கும். கேள்விக்கு இங்கே பதில் தெளிவு: காத்திருப்பது பயன்படுத்துவது ஆகாது. கேரியர் வந்து உள்ளே போனால்தான் லைன் உன்னுடையது. அந்தத் தீர்ப்பைச் சொல்வதும், மீற முடியாத கர்னல்.

யுனிக்ஸ் வழியில் வந்த ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி, லினக்ஸ் எல்லாம் இந்த யோசனையை எடுத்துக்கொண்டன. லினக்ஸில் டிடிஒய்எஸ்0, சியுஏ0 என்று ஜோடியாக இருந்தன. ஒன்றுக்கு, டிரைவரைக் குறிக்கும் மேஜர் எண் 4, இன்னொன்றுக்கு 5. எஸ்சிஓவிலும் ஒரு போர்ட்டுக்கு இரண்டு பெயர் உண்டு, ஆனால் பொருள் வேறு. டிடிஒய்1-க்குப் பின்னால் வரும் ஆங்கில ஏ சின்ன எழுத்தாக இருந்தால் மோடம் சிக்னல்களைக் கண்டுகொள்ளாது, பெரிய எழுத்தாக இருந்தால் கண்டுகொள்ளும். இரண்டையும் குழப்பிக்கொள்ள எல்லா வசதியும் இருந்தது.

இவ்வளவு அழகான ஏற்பாட்டை லினக்ஸ் கைவிட்டது. 1999-இல் வந்த 2.2 கர்னல், யாராவது சியுஏவைத் திறந்தால் இது பழசு, டிடிஒய்எஸ்ஸைப் பயன்படுத்து என்று எச்சரித்தது. அப்புறம் சியுஏ அடியோடு போனது. சீரியல் டிரைவரைக் கவனித்துவந்த தியடோர் சோவின் தரப்பில் நியாயம் இருந்தது. கர்னல் தீர்த்துவைப்பது உள்ளே வருபவருக்கும் வெளியே கூப்பிடுபவருக்கும் இடையிலான சண்டையைத்தான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வெளியே கூப்பிட வந்தால் அவர்களுக்குள் லாக் ஃபைல் வேண்டியிருந்தது. லாக் ஃபைலின் பெயரோ போர்ட்டின் பெயரிலிருந்து வருவது. ஒருவர் சியுஏ0 என்று லாக் போடுவார், இன்னொருவர் டிடிஒய்எஸ்0 என்று போடுவார், இரண்டும் ஒரே மோடம் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. இரண்டு காவல்காரர்களை வைத்தால் யார் சாவியை வைத்திருப்பது என்ற சிக்கல். ஆக, ஒரே பெயர், ஒரே லாக் என்று முடிவானது. என் அபிப்பிராயத்தில் அது லினக்ஸுக்குச் சரியான முடிவு, ஆனால் சரியான பதில் அல்ல. லாக்கை மதிக்கும் புரோகிராம்கள் மட்டுமே ஓடும் என்று நம்பினால்தான் அது செல்லும்.

அந்த நம்பிக்கையைக் காப்பாற்றியது ஜெர்மனியைச் சேர்ந்த கெர்ட் டோரிங் எழுதிய எம்கெட்டி. அதுவரை எல்லோரும் ஒரு விஷயத்தைக் கேள்வி கேட்காமல் விட்டிருந்தார்கள்: போனை எடுப்பது மோடத்தின் வேலை. எஸ்0=1 என்று வைத்துவிட்டால் முதல் மணியிலேயே மோடம் எடுத்துவிடும், கம்ப்யூட்டர் தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று அதற்குக் கவலையில்லை. எம்கெட்டி அந்த அதிகாரத்தை மோடத்திடமிருந்து பிடுங்கிக்கொண்டது. தானாக எடுக்காதே, எஸ்0=0. மணி அடித்தால் ‘ரிங்’ என்று எனக்குச் சொல், எடுப்பதா வேண்டாமா என்று நான் சொல்கிறேன். மோடத்திலிருந்து ஏதாவது எழுத்து வந்தால் முதலில் லாக் பார்க்கும். யாரோ வெளியே கூப்பிடுகிறார்கள் என்றால் ஒதுங்கும். அவர்கள் முடித்ததும் தானும் ஒருமுறை செத்து, இனிட் மறுபடி கிளப்ப, மோடத்தை முதலிலிருந்து சரிசெய்து உட்காரும். முன்பு பார்த்தோமே, வாயை மூடாமல் போனவர்களின் பிரச்சினை, அது இங்கே தானாகத் தீர்ந்துவிடுகிறது. ‘ரிங்’ வந்தால் தன் லாக்கைப் போட்டுவிட்டுத்தான் எடுக்கும்.

நம் ஊர் ஆபீசுகளுக்கு இதில் கிடைத்த லாபம் வேறு. பகலில் அதே லைனில்தான் முதலாளி பேச வேண்டும். மோடம் முதல் மணியிலேயே எடுத்துக் காதில் கீச்சென்று கத்தினால் ஆபீசில் பூகம்பம். எம்கெட்டியில் அந்தப் போர்ட்டின் பெயரில் ஒரு நோலாகின் ஃபைலை வைத்தால், மணி அடித்தாலும் எடுக்காது. குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் மூலம் காலையில் ஃபைலை உருவாக்கு, சாயங்காலம் அழி, முடிந்தது. அதோடு, ஃபேக்ஸ் வசதியுள்ள மோடமாக இருந்தால், வந்திருப்பது ஃபேக்ஸா டேட்டாவா என்று பிரித்து, ஃபேக்ஸை ஃபைலாக வாங்கி வைத்துக்கொள்ளும். இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் தோல் அனுப்பும் கம்பெனிக்கு ஃபேக்ஸ்தான் உயிர்நாடி. பேச்சு, ஃபேக்ஸ், கம்ப்யூட்டர் மூன்றும் ஒரே ஒயரில்.

மென்பொருள் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் கேபிள் சரியில்லையென்றால் எல்லாம் வீண். ரிச்சி தெருவில் கனெக்டர் வாங்கிவந்து மூன்று ஒயரில் சால்டர் செய்த கேபிளில் எழுத்துகள் போய்வரும், டெர்மினலுக்கு அது போதும். மோடத்துக்குப் போதாது. 25 பின் கனெக்டரில் 8-ஆம் பின்னில் வரும் டிசிடியும் 20-ஆம் பின்னில் போகும் டிடிஆரும் அதில் இல்லை. எதிரே இருப்பவரின் லைன் பாதியில் அறுந்தால் கம்ப்யூட்டருக்குத் தெரியாது, ஷெல் அப்படியே திறந்து கிடக்கும். அடுத்துக் கூப்பிடுபவர் பெயரும் சொல்லாமல் பாஸ்வேர்டும் சொல்லாமல் முந்தையவரின் ஷெல்லுக்குள் போய் உட்கார்ந்துவிடலாம். முந்தையவர் ரூட்டாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மோடத்திலும் சி1, டி2 என்று இரண்டு செட்டிங் போட்டாக வேண்டும்: கேரியர் உண்மையில் இருந்தால் மட்டும் டிசிடியைக் காட்டு, டிடிஆர் இறங்கினால் போனை வை. பல மோடங்கள் கேரியர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டிசிடி எப்போதும் உயர்ந்தே இருக்கும்படி வந்தன. அப்படி இருந்தால் இதுவரை சொன்ன கேரியர் தர்க்கம் எதுவும் எடுபடாது.

யார் யாரைக் கூப்பிடுவது என்பதும் பங்கீட்டின் ஒரு பகுதிதான். இரவு எஸ்.டி.டி. கட்டணம் குறையும், கால் பங்குக் கட்டணத்துக்காக வேலூர் காந்தி ரோட்டு பூத்துகளில் சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்த வங்காளிகள் ராத்திரியில் கூட்டமாக நிற்பார்கள். மெஷின்களுக்கும் அதே நேரம்தான் தோது. ஆனால் ஆம்பூரும் பெரியமேடும் ஒரே நிமிடத்தில் ஒன்றையொன்று கூப்பிட்டால் இரண்டுக்கும் எங்கேஜ் டோன்தான் கிடைக்கும். யுயுசிபியில் இதற்குப் பதில் இருந்தது. கூப்பிட்டவர் தன் ஃபைல்களை அனுப்பி முடித்ததும், அதே அழைப்பில் பாத்திரம் மாறி, எடுத்தவர் தன்னிடம் குவிந்திருப்பதை அனுப்பலாம். ஆகவே ஒரு பக்கம் மட்டும் கூப்பிட்டால் போதும். மறுபக்கத்து ஃபைலில் நேரம் என்ற இடத்தில் ‘நெவர்’ என்று எழுதிவிட்டால் அது ஒருபோதும் தானாகக் கூப்பிடாது, அழைப்பு வரும்வரை சேர்த்துவைக்கும். பில்லும் ஒரே ஆபீசுக்குப் போகும். எந்த ஆபீசுக்கு என்பதில் வந்த சண்டைக்கு யுனிக்ஸில் தீர்வு இல்லை.

போன் லைன் மோடம் போய்விட்டது, ஆனால் வழக்கு முடியவில்லை. மேக் கம்ப்யூட்டரில் இன்றைக்கும் ஒரு யுஎஸ்பி சீரியல் கேபிளைச் சொருகினால் ஒரே கருவிக்கு இரண்டு பெயர்கள் தோன்றும், டிடிஒய் என்று தொடங்குவது ஒன்று, சியு என்று தொடங்குவது ஒன்று. காட்பாடிப் பக்கத்துக் கல்லூரிகளில் ஆர்டுயினோ போர்டு வைத்துப் பிராஜெக்ட் செய்யும் பிள்ளைகள், எது கிடைத்தாலும் சரி என்று டிடிஒய்யைத் தேர்ந்தெடுத்து, தாங்கள் எழுதிய புரோகிராம் ஓபனிலேயே நின்றுவிட்டது என்று விழிப்பது உண்டு. நிற்கவில்லை, அது வராத கேரியருக்காகத் தூங்குகிறது. சியுவைத் திறந்தால் உடனே வேலை செய்யும்.

லினக்ஸில் சண்டை வேறு உருவத்தில் வருகிறது. யுஎஸ்பி சீரியல் கருவி எதைச் சொருகினாலும், இது 4ஜி டாங்கிளாக இருக்குமோ என்று மோடம்மேனேஜர் என்ற சர்வீஸ் ஓடிவந்து திறந்து, மோடங்களுக்கான ஏடி கட்டளைகளை அனுப்பிப் பார்ப்பதுண்டு. ஆர்டுயினோவுக்கு அது புரியாத உளறல். அதே நேரத்தில் நம் புரோகிராமும் திறந்தால், வரும் எழுத்துகளை இரண்டு பேர் பங்கிட்டுப் படிப்பார்கள். ஆம்பூரில் சியுவும் கெட்டியும் செய்ததேதான். அந்தக் கருவியை விட்டுவிடு என்று, சொருகும் கருவிகளைக் கவனிக்கும் யுடெவ்வின் விதியில் ஒரு வரி எழுதினால் மோடம்மேனேஜர் ஒதுங்கும். அல்லது போர்ட்டைத் திறந்ததும் டிஐஓசிஎக்ஸ்சிஎல் என்ற கட்டளையைக் கொடுத்தால், ரூட் அதிகாரம் இல்லாத வேறு யாரும் அதற்குப் பிறகு அதைத் திறக்க முடியாதபடி கர்னலே தடுத்துவிடும். மோடம்மேனேஜர் ரூட்டாக ஓடுவது என்பதால், இந்த விஷயத்தில் யுடெவ் வரிதான் நம்பகமானது.